பதினெட்டாம் நாள் பாயசம்

"அவ்வா, மழை எப்போ அதோட வீட்டுக்குப் போகும்?"

பூணச்சா இப்படிக் கேட்டபோது அவனுக்கு ஏழு வயது. குடகில் ஆடியை ஒட்டி வரும் கக்கட மாதம். நாற்பது நாளாக விடாத மழை. பள்ளிக்கூடம் மூடியிருந்தது. காயாத சட்டைகள் அடுப்புக்கு மேலே கொடியில் தொங்கிக்கொண்டிருந்தன. பையன் கன்னத்தில் கை வைத்து ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான்.

அவன் அம்மா போஜம்மா அரிசி ரொட்டியைத் திருப்பிப் போட்டபடியே சிரித்தாள். "அதுக்கு ஏதுடா வீடு? அதனாலதான் நம்ம வீட்டுல வந்து தங்கியிருக்கு."

விளையாட்டாகச் சொன்ன பதில்.

இருபத்து மூன்று வருஷம் கழித்து, இதே கக்கடத்தில் ஒரு பட்டப்பகலில், பின்னாலிருந்த மலை இறங்கி வந்து அந்த வீட்டை எடுத்துக்கொண்டு போயிற்று. மாட்டைத் தேடிப் போயிருந்த போஜம்மா பிழைத்தாள். குஷால்நகர் காப்பிக் கொட்டை ஆலைக்கு வேலைக்குப் போயிருந்த பூணச்சா பிழைத்தான். மூன்றாம் நாள் சேற்றைத் தோண்டியபோது முன்னோர்களுக்கு ஏற்றுகிற பித்தளைத் தூக்கு விளக்கு மட்டும் நசுங்காமல் கிடைத்தது.

மலை இறங்குவதற்கு முன்னால் இரண்டு நாள் உறுமியிருந்தது. போஜம்மா அதைக் கேட்டாள். "இடி" என்றாள். கக்கடத்தில் இடி இடிக்காமல் என்ன செய்யும் என்று சொல்லிவிட்டு ரொட்டி தட்டப் போய்விட்டாள். அதை அவள் இன்று வரை யாரிடமும் சொன்னதில்லை.

வாடகை வீட்டில் இரண்டு வருஷம் ஓடியது. குந்தாபுரத்துக் கடற்கரையிலிருந்து மமதா மருமகளாக வந்தது அங்கேதான். மூன்றாம் மாதத்தில் ஒரு கருவை அவள் பறிகொடுத்ததும் அங்கேதான்.

இந்த வருஷம் ஜனவரியில்தான் புது வீடு. இரண்டு அறை, ஒரு கூடம், ஓட்டுக் கூரை, பின்னால் காப்பிச் செடிகள். வந்தபோது செடியெல்லாம் சிவப்புப் பழம். மார்ச்சில் ஒரே ஒரு மழை பெய்து, ஒன்பதாம் நாள் விடிந்தபோது சரிவு முழுக்க வெள்ளை வெளேரென்று பூத்திருந்தது. மமதா நைட்டியோடு வெளியே ஓடி வந்து, "அத்தே, யாரோ வேட்டி காயப்போட்டிருக்காங்க" என்றாள். அந்த வாசனையில் மூன்று நாள் வீட்டில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. ஏப்ரலில் தேனீ. மே மாதம் சில்வண்டு. ஜூன் நாலாம் தேதி மழை.

ஒவ்வொரு மாதமும் புது வீடு ஒரு புது முகம் காட்டியது. மமதா அத்தனையையும் வாய் பிளந்து பார்த்தாள். போஜம்மா பார்க்கவில்லை. கூடத்து உத்தரத்தில் பிப்ரவரி மாதமே பூணச்சா கொக்கி அடித்துவிட்டான். தூக்கு விளக்கு மட்டும் செய்தித்தாள் சுற்றி அலமாரி அடியிலேயே கிடந்தது.

"ஒரு மழைக்காலம் தாண்டட்டும். வீடு நிக்குதான்னு பார்க்கலாம்" என்பாள்.

அப்படிப்பட்ட போஜம்மா இன்று விடியும் முன்பே எழுந்து, குடையைக் கூட எடுக்காமல் ஓடைப் பக்கம் இறங்கினாள்.

இன்று கக்கடம் பதினெட்டு.

அந்த ஒரு நாளில்தான் ஓடைக்கரையில் முளைக்கிற மருந்து இலைச் செடியில் பதினெட்டு வகை மருந்து சேரும் என்பார்கள். அதை வேகவைத்தால் தண்ணீர் கருநீலமாக இறங்கும். அந்தத் தண்ணீரில் அரிசியும் வெல்லமும் தேங்காயும் போட்டுப் பாயசம் காய்ச்ச வேண்டும். போன இரண்டு வருஷம் வாடகை வீட்டில் யாரோ கொடுத்த இலை. இந்த மண்ணில் அது முளைக்குமா முளைக்காதா என்று ஒரு வாரமாக அவளுக்குக் கவலை.

முளைத்திருந்தது. ஓடைக்கரை நெடுக, முழங்கால் உயரத்துக்கு. வாசனை மூக்கைத் துளைத்தது.

போஜம்மா மழையில் நின்றபடியே மழைச் சாமியைக் கையெடுத்துக் கும்பிட்டாள். "இக்குதப்பா, இந்த மண்ணும் நம்ம மண்ணுதான்னு சொல்லிட்டியே" என்றாள்.

மடி நிறைய இலையோடு அவள் சிரித்துக்கொண்டே படியேறி வந்ததை மமதா சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். மாமியார் பல் தெரியச் சிரித்து அவள் பார்த்ததே இல்லை.

*

எட்டு மணிக்குப் பாயசம் தயார். நெய்யும் தேனும் ஊற்றி மூன்று கிண்ணம்.

பூணச்சா நின்றபடியே வழித்து நக்கினான். "அவ்வா, பழைய வீட்டுப் பாயசம் தோத்தது போ."

"உட்கார்ந்து தின்னேன்டா. ஆலைக் காப்பிக் கொட்டை ஓடியா போயிடும்?"

"மரம் விழுந்து ரோடு அடைச்சா சாயங்காலம் வரைக்கும் நடுவழியிலதான். இப்பவே கிளம்பணும்." மமதாவைப் பார்த்துக் கண்ணடித்தான். "தின்னு தின்னு. இனிமே நீயும் குடகுக்காரிதான். தப்பிக்க முடியாது."

மமதா ஒரு வாய் எடுத்து வைத்தாள். மறுபடி உண்டாகி இது நாலாவது மாதம். பல் தேய்க்கிற பற்பசை வாசனைக்கே அவளுக்குக் குடல் புரளும். இந்த இலை வாசனை தொண்டைக்குள் இறங்கி அங்கேயே நின்றுகொண்டது.

போஜம்மா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு அத்தே. ரொம்ப நல்லா இருக்கு."

"மெதுவா சாப்பிடு. மிச்சம் வைக்காதே. வருஷத்துக்கு ஒரு நாள்தான்."

"சரி அத்தே."

பூணச்சா பைக்கைக் கிளப்பிக்கொண்டு போனான். போஜம்மா கோழிகளுக்குத் தீனி வைத்துவிட்டுத் திரும்பி வந்தபோது மமதாவின் கிண்ணம் கழுவிக் கவிழ்த்திருந்தது. போஜம்மாவுக்கு வயிறு நிறைந்தது.

பத்தரை மணிக்கு மமதா குளியலறைக் கதவைப் பிடித்தபடி வந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"அத்தே."

"என்ன?"

"பாத்ரூம் போனேன். சிவப்பா இருக்கு."

போஜம்மா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கலகலவென்று சிரித்தாள். இலையைத் தின்றவருக்கு நீர் சிவப்பாகப் போகும் என்பது குடகில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். மருந்து உடம்பில் ஊறியதற்கு அதுதான் சாட்சி. பிறந்ததிலிருந்து தெரிந்த சங்கதி என்பதால், தெரியாதவளிடம் சொல்ல வேண்டும் என்றே யாருக்கும் தோன்றவில்லை.

"பயந்துட்டியா? அது இலை பண்ற வேலை. இன்னிக்கு இந்த ஜில்லா முழுக்கச் சிவப்புதான். கலெக்டர் வீட்டுலயும் சிவப்புதான்."

"நெஜமாவா?"

"உன் புருஷன் இந்நேரம் வழியில எந்த மரத்தைச் சிவப்பாக்கிட்டு இருக்கானோ, சாயங்காலம் வரட்டும், கேளு. போன வருஷம் நீ உன் அம்மா வீட்டுல இருந்தே, அதான் தெரியல."

மமதாவும் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "அடிவயிறு லேசா இழுக்குது அத்தே."

"அதுவும் மருந்துதான். போய்ப் படு."

எங்கே சிவப்பு, எப்படிச் சிவப்பு என்று போஜம்மா கேட்கவில்லை. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான் இருந்தது. அது அவள் நாக்குக்கு வரவில்லை.

*

பன்னிரண்டு மணி வாக்கில் மீதிப் பாயசத்தை மூடி வைக்க ஒரு தட்டு தேடினாள். அரிசி டின்னுக்குப் பின்னால் ஒரு தட்டு தெரிந்தது. இழுத்தாள். தட்டுக்கு அடியில் ஓர் எவர்சில்வர் டம்ளர்.

டம்ளர் நிறையப் பாயசம்.

நெய் மேலே வெள்ளையாக உறைந்திருந்தது. ஒரு வாய் குறையும். அவ்வளவுதான்.

போஜம்மா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். முதலில் வந்தது வருத்தம். பிடிக்கவில்லை என்றால் சொல்லியிருக்கலாமே என்கிற சின்ன மனத்தாங்கல். அது வந்து போக ஒரு மூச்சு நேரம் ஆயிற்று.

அடுத்த மூச்சில் டம்ளரைக் கையில் எடுத்துச் சாய்த்துப் பார்த்தாள்.

மருந்தே உள்ளே போகவில்லை. அப்படியானால் அந்தச் சிவப்பு?

மலை உறுமிய சத்தம் அவள் காதில் கேட்டது. இடி, என்று அவளே சொன்ன குரலும் கேட்டது.

டம்ளர் கையிலிருந்து எப்போது விழுந்தது என்று தெரியவில்லை. கருநீலம் தரையெல்லாம் ஓட, அதை மிதித்துக்கொண்டே உள்ளறைக்கு ஓடினாள்.

மமதா சுவர்ப் பக்கம் திரும்பி முழங்காலை மடக்கிப் படுத்திருந்தாள். போஜம்மா போர்வையை விலக்கினாள். விரிப்பில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம்.

"எப்போலேர்ந்து?"

"நீங்க மருந்துன்னு சொன்னீங்களே அத்தே." மமதா போர்வையை மறுபடி இழுத்துக்கொண்டாள். "ஒரு வாய்தான் சாப்பிட்டேன். ஒரு வாய்க்கே இவ்வளவு வருமான்னு நினைச்சுக்கிட்டே படுத்திருந்தேன். சொன்னா, சாப்பிடலைன்னு தெரிஞ்சுடும். நீங்க காலையில சிரிச்சுட்டு வந்தீங்க. அதைக் கெடுக்க..."

"பேசாதே. அசையாதே."

கரண்ட் போய் ஆறு நாள். போனில் ஒரே ஒரு கோடு வருவதும் போவதுமாக இருந்தது. பூணச்சாவுக்கு மூன்று தரம் போட்டாள். மூன்று தரமும் ஒரு பெண் குரல் கன்னடத்தில் மன்னிப்புக் கேட்டது.

அக்கம்பக்கம் என்று இருப்பது ஒரே வீடு. வேலிக்கு அந்தப் பக்கம் பொள்ளவ்வா. அவளிடம் ஜீப் இருக்கிறது. தோட்ட ஆட்களை ஏற்றி இறக்க அவளே ஓட்டுவாள்.

அந்தப் பொள்ளவ்வாவிடம் போஜம்மா மார்ச் மாதத்திலிருந்து பேசுவதில்லை.

பெரிய காரணம் ஒன்றுமில்லை. காப்பி பூத்த வாரம், வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து அவள் சொன்னாள்: "அக்கா, விறகுக் கொட்டகையை அந்தப் பக்கம் போடாதீங்க. இந்தச் சரிவுல காத்து சுத்திக்கிட்டு வந்து பின்னால அடிக்கும்."

"மழையப் பத்தி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். என் வீட்டையே வாரிக்கிட்டுப் போன மழை" என்றாள் போஜம்மா.

"அது அந்த மலையோட மழை. இது வேற மழை."

அவ்வளவுதான் பேச்சு. ஜூன் முதல் வாரமே கொட்டகை விறகு முழுவதும் நனைந்து, மாதம் முடிவதற்குள் பாசி பிடித்தது. அதற்கப்புறம் எந்த முகத்தோடு பேசுவது?

இப்போது அந்த முகமும் மறந்துபோய்ப் போஜம்மா வேலியைத் தாண்டி ஓடினாள். சேலை முள்ளில் கிழிந்தது. பொள்ளவ்வா வாசலில் உட்கார்ந்து மூங்கில் குருத்து நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"பொள்ளவ்வா. மமதாவுக்கு ரத்தம்."

பொள்ளவ்வா எழுந்தாள். கத்தியைத் தரையில் வைத்தாள். ஆணியில் தொங்கிய சாவியை எடுத்தாள்.

"ரெண்டு தலையணை எடுங்க அக்கா. கம்பளியும். நான் படிக்கட்டு வரைக்கும் வண்டியைக் கொண்டாரேன்."

*

ஜீப்பின் பின்பக்கத்தில் விறகு கிடந்தது. பொள்ளவ்வா அதை ஒருபக்கமாகத் தள்ளிவிட்டுத் தலையணை போட்டாள். மமதா படுத்துக்கொள்ள, போஜம்மா அவள் தலையை மடியில் தாங்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

"குலுக்காம ஓட்டுறேன். ஆனா மெதுவாவும் ஓட்ட முடியாது. பிடிச்சுக்கோங்க."

இரண்டாவது வளைவில் சில்வர் ஓக் மரம் ஒன்று சாலைக்குக் குறுக்கே கிடந்தது. அஸ்ஸாம்காரத் தோட்ட ஆட்கள் நாலு பேர் பிளாஸ்டிக் கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு கைரம்பத்தால் அறுத்துக்கொண்டிருந்தார்கள்.

பொள்ளவ்வா தலையை நீட்டினாள். "உள்ள புள்ளத்தாச்சி. எவ்வளவு நேரம் ஆகும்?"

அவர்களில் மூத்தவன் ஜீப்புக்குள் ஒரு தரம் எட்டிப் பார்த்தான். நாலு பேரும் ரம்பத்தைப் போட்டுவிட்டு, மரத்தின் நுனிப் பக்கம் போய்த் தோள் கொடுத்தார்கள். கிளைகள் முறிந்தன. ஜீப் போகிற அளவுக்கு மரம் நகர்ந்தது. ஒருவனுக்கு முழங்கை கிழிந்து ரத்தம் வந்தது. அவன் அதை மழையில் காட்டிவிட்டு, "போங்க, போங்க" என்று கையசைத்தான்.

அவன் பெயர்கூட இவர்களுக்குத் தெரியாது. கடவுள் சில நாட்களில் தன் பெயரைச் சொல்லாமல்தான் வருகிறார்.

வண்டி மறுபடி ஓடியது. போஜம்மா குனிந்து மமதாவின் நெற்றியைத் தடவினாள். நிமிர்ந்தபோதுதான் பக்கத்தில் கிடந்த விறகைச் சரியாகப் பார்த்தாள்.

முழங்கை நீளத்துக்கு ஒரே அளவாக வெட்டிய காய்ந்த விறகு. கட்டுக் கட்டாக. ஒவ்வொரு கட்டையும் நீலச் சேலைத் துண்டு ஒன்று சுற்றியிருந்தது. இரட்டை முடிச்சு.

அவள் ஒரு முடிச்சை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

இதே கட்டுதான் ஜூன் மாதத்திலிருந்து சனிக்கிழமைதோறும் விடியற்காலையில் அவள் வீட்டுப் பின்வாசலில் இருக்கும். இதே நீளம், இதே நீலம், இதே முடிச்சு. பூணச்சா ஏதோ தோட்டத்திலிருந்து வரவழைக்கிறான் என்று அவள் நினைத்திருந்தாள். அம்மா யாரிடமோ சொல்லி வைத்திருக்கிறாள் என்று பூணச்சா நினைத்திருப்பான். இன்று காலைப் பாயசம் கொதித்ததும் அந்த விறகில்தான். துணி வீணாகக் கூடாதே என்று ஒன்பது நீலத் துண்டுகளையும் அலசி அடுப்பங்கரை ஆணியில் மாட்டி வைத்திருக்கிறாள்.

ஒன்பது சனிக்கிழமை. ஒரு வார்த்தை கூடப் பேசாத ஒன்பது சனிக்கிழமை.

போஜம்மா வாயைத் திறந்தாள். முன்னாலிருந்து குரல் வந்தது. "அக்கா, இப்போ ஒண்ணும் பேச வேண்டாம். புள்ளைய பிடிங்க. பள்ளம் வருது."

*

ஆஸ்பத்திரியில் மமதாவைத் தள்ளுவண்டியில் உள்ளே கொண்டுபோனார்கள். வராந்தாவில் இரண்டு பெண்களும் சொட்டச் சொட்ட நின்றார்கள்.

தரை துடைத்துக்கொண்டிருந்த ஆயா விவரம் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினாள். "இன்னிக்குச் சிவப்புன்னு ஓடி வந்தது நீங்க நாலாவது. மூணும் பாயசம். ஒருத்தன் பெங்களூர்லேர்ந்து வந்த மாப்பிள்ளை. எழுந்து நிக்கவே மாட்டேன்னுட்டான்."

யாரும் சிரிக்கவில்லை. ஆயா வாளியை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனாள்.

போஜம்மா சுவரைப் பார்த்தபடி சொன்னாள். "என்கிட்ட வந்து சொன்னா பொள்ளவ்வா. சிவப்பா இருக்குன்னு வாயத் திறந்து சொன்னா. நான் சிரிச்சேன்."

பொள்ளவ்வா அவள் காலைப் பார்த்தாள். தன் சேலைத் தலைப்பைப் பிழிந்து, போஜம்மாவின் பாதத்தில் ஒட்டியிருந்த கருநீலத்தைக் குனிந்து துடைத்தாள்.

"அய்யோ, காலை ஏன் தொடறே?"

"வழுக்கி விழுவீங்க."

போஜம்மா அவளைக் கைபிடித்துத் தூக்கிவிட்டுக் கேட்டாள். "நீ சாப்பிட்டியா, பாயசம்?"

"ஒருத்திக்கு எதுக்கு அக்கா? அவர் போனதிலேர்ந்து இல்ல. நாலு வருஷமாச்சு. ஓடைக்கரையிலேர்ந்து தன்னால வாசம் வரும். ஜன்னலைச் சாத்திக்குவேன்."

அதற்குள் டாக்டர் வந்துவிட்டாள். பூணச்சாவை விடச் சின்னப் பெண்.

"துடிப்பு இருக்கு" என்றாள் முதலில். அந்த இரண்டு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் போஜம்மா காவேரியம்மாவை மூன்று தரம் கூப்பிட்டுவிட்டாள். "நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கு. அதான் ரத்தம். ஒரு வாரம் இங்கேயே படுக்கட்டும். இன்னும் ரெண்டு மணி நேரம் வீட்டுலயே வெச்சிருந்தீங்கன்னா..."

டாக்டர் முடிக்கவில்லை. முடிக்காத அந்த வாக்கியம் போஜம்மாவின் மார்பில் போய் உட்கார்ந்துகொண்டது.

மூன்றரை மணிக்குப் பூணச்சா நனைந்த கோழி மாதிரி ஓடி வந்தான். மரம் அறுத்த ஆட்கள் சொன்ன சேதி வழியில் ஏதோ டீக்கடையில் கிடைத்திருக்கிறது. அம்மாவைப் பார்த்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவன் நேரே உள்ளே போனான்.

அவர்களை உள்ளே விட்டபோது மமதா கண்ணைத் திறந்திருந்தாள்.

"அத்தே, நான் பொய் சொல்லிட்டேன்."

"நீ பொய் சொன்னே. நான் சிரிச்சேன். எது பெரிசுன்னு இக்குதப்பாவுக்குத் தெரியும். இனிமே பிடிக்கலன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லு."

"எனக்கு அந்த வாசனை சுத்தமா பிடிக்கல."

"சரி."

"பன்றிக் கறி வாசனையும் இப்போ பிடிக்கல."

"அதையும் இப்பவே சொல்லணுமா?" என்றான் பூணச்சா. மமதாவின் உதட்டோரம் லேசாக அசைந்தது.

அவன் போன் அடித்தது. டவுனில் சிக்னல் இருந்தது. வழியிலேயே அவன் சேதி சொல்லியிருந்த மமதாவின் அம்மா, குந்தாபுரத்திலிருந்து. அவள் குரல் அறை முழுக்கக் கேட்டது. "போன வருஷம் ஒண்ணு போச்சு. இப்போ இது. அந்த மலையும் வேண்டாம், மழையும் வேண்டாம். நாளைக்கே நான் வரேன். ஆஸ்பத்திரியிலேர்ந்து விட்டதும் நேரா என் வீட்டுக்குத்தான். அந்த வீட்டு வாசப்படியை அவ மிதிக்க வேண்டாம்."

பூணச்சா மமதாவைப் பார்த்தான். மமதா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி மழையைப் பார்த்தாள். பெற்றவள் பயத்துக்கு முன்னால் போஜம்மா என்ன சொல்ல முடியும்? அவள் அந்தப் பயத்தில் பாதியை இன்று மதியம் தானே சுமந்திருந்தாள்.

கிளம்பும்போது மமதா திடீரென்று கேட்டாள். "அத்தே, அந்தத் தூக்கு விளக்கு... எப்போ மாட்டுவீங்க?"

போஜம்மா கட்டிலின் கால்மாட்டுக்குப் போனாள். மருமகளின் கால் பெருவிரலைக் கம்பளியோடு சேர்த்து ஒரு தரம் அழுத்திப் பிடித்துவிட்டு வெளியே வந்தாள்.

*

மாற்றுத் துணி எடுக்கப் பொள்ளவ்வாவே அவளை வீட்டுக்கு அழைத்து வந்தாள். ஐந்து மணி. போஜம்மா பையில் துணி, சோப்பு, பிளாஸ்க் எல்லாவற்றையும் அடுக்கி எடுத்துக்கொண்டு வாசலுக்கு வர, பொள்ளவ்வா பையைப் பிடுங்கிக்கொண்டாள்.

"நான் கொடுத்துட்டு வரேன். நீங்க வந்து அங்க மயங்கி விழுந்தா அதுக்கு வேற ஒரு கட்டில் வேணும். ஈரத்தை மாத்துங்க."

"பொள்ளவ்வா, அந்த விறகு..."

"என்ன விறகு?" என்றாள் அவள். ஜீப் கிளம்பிவிட்டது.

வீட்டில் யாரும் இல்லை. சமையலறைத் தரையில் கருநீலம் காய்ந்து கிடந்தது. போஜம்மா முதலில் அதைத் துடைத்தாள். மண்டியிட்டு, மூலைகளையும் விடாமல் துடைத்தாள். மமதாவின் விரிப்பை எடுத்துத் தண்ணீரில் நனைத்தாள். அப்போதுதான் அழுதாள்.

அழுது முடித்ததும் முகம் கழுவிக்கொண்டு அடுப்பை மூட்டினாள். காய்ந்த விறகு சட்டென்று பற்றியது.

பாத்திரத்தில் பாயசம் பாதிக்கு மேல் இருந்தது. அதைச் சூடு பண்ணி, தேங்காய்ப்பால் கொஞ்சம் பிழிந்து விட்டு, தூக்குவாளியில் ஊற்றினாள். நெய் ஒரு கரண்டி. தேன் இரண்டு கரண்டி. பதினெட்டாம் நாள் முடிய இன்னும் நேரம் இருக்கிறது.

ஆணியிலிருந்து ஒரு நீலத் துண்டை எடுத்தாள். தூக்குவாளியின் மூடியைச் சுற்றிக் கட்டினாள். இரட்டை முடிச்சு. மற்ற எட்டுத் துண்டுகளையும் மடித்து அதன் மேலே செருகினாள்.

வேலியில் மதியம் கிழித்துக்கொண்ட சேலை நூல் இன்னும் முள்ளில் ஆடிக்கொண்டிருந்தது. பொள்ளவ்வா வீட்டு வாசலில் பாதி நறுக்கிய மூங்கில் குருத்தும் கத்தியும் அப்படியே கிடந்தன. போஜம்மா உட்கார்ந்து மீதிக் குருத்தை நறுக்கினாள். தண்ணீரில் போட்டு மூடினாள். கத்தியைக் கழுவி வைத்தாள்.

சமையலறை ஜன்னல் தாழிடாமல் சாத்தியிருந்தது. அதன் வெளிக்கட்டையில், ஓட்டு விளிம்பின் மழை படாத இடமாகப் பார்த்து, தூக்குவாளியை வைத்தாள். நாய் தள்ளாதபடி இரண்டு பக்கமும் கல் கொடுத்தாள். பிறகு அந்த ஜன்னலை, உள்ளே வாசம் போகிற அளவுக்கு, ஒரு விரல் அகலம் திறந்து விட்டாள்.

கீழே வளைவில் ஜீப்பின் சத்தம் கேட்டது. அவள் நிற்கவில்லை.

மழை வீட்டுக்குப் போகிற நேரம் இன்னும் வரவில்லை. சரிவெல்லாம் அதுதான் இருந்தது. போஜம்மா வேலியைத் தாண்டி, தலைப்பை முக்காடு போட்டுக்கொண்டு, தன் வீட்டுக்குப் போனாள்.